பட்டியலில் இல்லாத நஞ்சு

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பகுதிகளில் நடந்து சென்றிருப்பீர்களானால், சாயப்பட்டறையை ஒட்டிய சாக்கடையில் சிவப்பாகவும் பச்சையாகவும் கத்தரிப்பூ நிறத்திலும் நீர் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். "ஆற்றைக் கெடுப்பவர்கள் இவர்கள்தாம்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லியுமிருப்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அடுத்த தெருவின் சாக்கடையைச் சற்றே எட்டிப் பாருங்கள். அங்கே ஓடும் நீருக்குச் சொல்லத்தக்க நிறம் கிடையாது. நேற்றிரவு அத்தெருவில் உள்ளோர் விழுங்கிய மாத்திரைகளின் மிச்சம், பல் துலக்கிய பசை, தலைக்குத் தேய்த்த ஷாம்பு, தரை கழுவிய மருந்து எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. இரண்டு நீரும் போய்ச் சேருமிடம் வேகவதி. வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. குற்றவாளிக் கூண்டில் மட்டும் சாயக்காரர் ஒருவரே நிற்கிறார்.

காரணம் எளிது. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் சாயம் கலந்திருந்தாலே நம் கண் கண்டுபிடித்துவிடும். நிறமில்லாத பொருளைக் காணும் திறன் கண்ணுக்கு இல்லை. அதைக் குறை சொல்வதற்கில்லை. கண் காணாததைக் காண்பதற்கென்றே நாம் தரக் கட்டுப்பாட்டு ஏடுகளை எழுதி வைத்திருக்கிறோம், ஆய்வுக்கூடங்களை நடத்துகிறோம். அந்த ஏடுகளும் கண்ணைப் போலவே தனக்குப் பழக்கமானதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? ஒரு நூலை விமர்சிப்பது போல, நம் குடிநீர்த் தர ஏட்டை இங்கே விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் சாயத்தின் கதையைப் பார்த்துவிடுவோம். ஒரு பொருள் பட்டியலில் ஏற எவ்வளவு காலமாகும் என்பதை அதுதான் நன்றாகச் சொல்லும்.

1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து பிறந்தது. 40 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபூக்சின் என்ற சிவப்புச் சாயம் செய்யும் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தோன்றுவதை மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். பிற்காலத்தில் பென்சிடின், நாப்தைலமின் போன்ற அமின்களே அந்நோய்க்குக் காரணமெனத் தெளிவாயிற்று. நமது நாட்டில் பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1993இல்! ரேன் சொன்னதற்கும் நாம் கேட்டதற்கும் இடையே 98 ஆண்டுகள். 1994இல் ஜெர்மனி, தீய அமின்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்கள் ஏறிய துணிகளுக்குத் தடை விதித்தது. அதன் பின்னர் 1997இல் இங்கும் 70 அசோ சாயங்கள் விலக்கப்பட்டன. ஐரோப்பியரின் தோலில் படும் துணிக்காக எழுந்த கவலை, இங்கே அண்டாவுக்குள் கையை விட்டு நூலைப் புரட்டும் சாயத் தொழிலாளிக்காக முன்னரே எழவில்லை என்பதை வருத்தத்தோடு குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த 98 ஆண்டுகளும் அச்சாயங்கள் நஞ்சாகத்தான் இருந்தன. பட்டியலில்தான் இல்லை.

இப்போது ஏட்டுக்கு வருவோம். நம் நாட்டின் குடிநீர்த் தர ஏட்டுக்கு ஐ.எஸ். 10500 என்று பெயர். முதற்பதிப்பு 1983இல் வந்தது. 1991இல் திருத்திய பதிப்பு. அதன் பின் 21 ஆண்டுகள் கழித்து 2012இல் இரண்டாம் திருத்தம். இடையிடையே சிறு மாற்றங்களும் உண்டு. இந்த ஏட்டை நான் மதிக்கிறேன். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம், ஃப்ளூரைடு 1 மில்லிகிராம், பாதரசம் 0.001 மில்லிகிராம் என்று தெளிவாகச் சொல்கிறது. பூச்சிகொல்லிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. வேறு நீர் கிடைக்காத ஊர்களுக்கென்று உப்பு முதலியவற்றில் தளர்வு தருகிற ஏடு, ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் அந்தத் தளர்வைத் தரவில்லை. அந்த அளவில் அது நேர்மையான ஏடுதான்.

ஆனால் ஈயத்துக்குரிய எண்ணைப் பாருங்கள். 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் 0.05 மில்லிகிராம் வரை நல்ல நீர். 2012இல் அதே ஈயத்துக்கு வரம்பு 0.01. அப்படியானால் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் ஈயமுள்ள கிணற்று நீர் 2011இல் குடிக்கத் தக்கது; 2012இல் தகாதது! நீர் மாறவில்லை, குடித்தவரின் உடலும் மாறவில்லை. அறிவு வளர வளர வரம்பு குறைவது இயல்பே. அதில் தவறு காண்பது என் நோக்கமன்று. ஏட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தேதி உண்டு என்பதைச் சோதனைச் சான்றிதழ் நமக்குச் சொல்வதில்லை, அதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். "பட்டியலில் உள்ளவை வரம்புக்குள் இருக்கின்றன" என்று ஆய்வுக்கூடம் எழுதித் தருகிறது. "நீர் தூயது" என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

2012ஆம் ஆண்டுப் பதிப்பில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளுக்கு ஒரு வரி கிடையாது. வலி நிவாரணிகளுக்குக் கிடையாது. சோப்பிலும் பற்பசையிலும் சேர்ந்த ட்ரைக்ளோசானுக்கு இல்லை. பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃப்ளூரின் சேர்மங்களுக்கும் இல்லை. புதிதாக அறியப்பட்ட மாசுகள் என்று விஞ்ஞானிகள் இவற்றைத்தான் அழைக்கிறார்கள். இவற்றில் பல புதிய பொருள்களே அல்ல. நாம் புதிதாகத் தேடத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே பௌதிக ஆசிரியன் என்ற முறையில் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டைப் பையில் பேனா போலச் செருகிக்கொண்டு வரும் டி.டி.எஸ். மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளைக் காட்டும் கருவி என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது திடப்பொருள் எதையும் எடை போடுவதில்லை. இரு மின்முனைகளுக்கிடையே நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. மின்சாரத்தைக் கடத்துபவை அயனிகள். அதாவது கரைந்த உப்புகள். அயனியாகாத பொருள் எவ்வளவு இருந்தாலும் கருவிக்குத் தெரியாது. வகுப்பில் நான் இதைச் செய்து காட்டுவதுண்டு. ஒரு லிட்டர் நீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விட்டுப் பாருங்கள். லிட்டருக்குப் பத்தாயிரம் மில்லிகிராம் பொருள் கரைந்திருக்கும். எண் பெயருக்குக்கூட ஏறாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் துள்ளிக் குதிக்கும். சர்க்கரையையே காணாத கருவி, அதைவிடக் கோடி மடங்கு குறைவாக உள்ள மாத்திரை எச்சத்தையா காணப் போகிறது? (இரு இரும்புக் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, நீர் செம்பழுப்பாவதைக் காட்டி அச்சுறுத்தும் விற்பனையாளர்களும் உண்டு. நிறம் வருவது கம்பியின் இரும்பு கரைவதால். மாணவர்கள் அவரிடம் பிளாட்டினக் கம்பியைக் கேட்டுப் பார்க்கலாம்.)

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் இப்பொருள்களில் பெரும்பாலானவற்றை வடிக்கவே செய்கிறது. ஆனால் வடித்ததை அழிப்பதில்லை. கழிவுநீரில் சேர்த்து மீண்டும் அதே சாக்கடைக்கு அனுப்பி வைக்கிறது.

"கோடி மடங்கு குறைவு" என்றேன். அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போடுவோம். 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கோயில் குளத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஒரு கோடி லிட்டர். அதில் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் போட்டுக் கலக்கினால், ஒரு லிட்டருக்கு 50 நானோகிராம் மருந்து இருக்கும். ஒரு நானோகிராம் என்பது மில்லிகிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆராய்ச்சியாளர்கள் ஆற்று நீரில் தேடுவது இந்த அளவுகளில்தான். பி.எஃப்.ஏ.எஸ். வகையைச் சேர்ந்த இரு பொருள்களுக்கு 2024இல் அமெரிக்கா குடிநீரில் விதித்த வரம்பு, ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம். நம் குளம் முழுவதற்குமாகச் சேர்த்துப் பார்த்தால் 40 மில்லிகிராம். ஏறத்தாழ இரண்டு அரிசி மணிகளின் எடை.

கோயில் குளம் என்றதும் காஞ்சிக்காரர்களுக்கு அனந்தசரஸ் நினைவுக்கு வரும். அக்குளத்து நீருக்குள்ளிருந்து அத்தி வரதர் 1979இல் எழுந்தருளினார், பிறகு 2019இல். அடுத்த தரிசனம் 2059இல். பி.எஃப்.ஏ.எஸ். பொருள்களின் ஆயுளைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கால அளவு எனக்குத் தோன்றவில்லை. கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த பிணைப்பு, கார்பன் பிற அணுக்களோடு ஏற்படுத்தும் ஒற்றைப் பிணைப்புகளிலேயே மிக வலியது. வெயிலும் நுண்ணுயிரும் அதை எளிதில் உடைப்பதில்லை. 2019இல் மண்ணில் சேர்ந்த அப்படிப்பட்ட மூலக்கூறு 2059இலும் உருக்குலையாமல் இருக்கும். தீயணைப்பு நுரையிலும், ஒட்டாத பாத்திரப் பூச்சுத் தயாரிப்பிலும், நீர் ஒட்டாத துணியிலும், குரோமிய முலாம் பூசுமிடங்களிலும் இவ்வகைப் பொருள்கள் 1940களின் இறுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்தன. இவற்றுள் ஒன்றை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இலேயே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. அவ்வுடன்படிக்கையில் புதிதாகச் சேர்ந்த பொருள்களில் ஏழை இந்தியா 2020இல் ஏற்றது. அந்த ஏழில் இது இல்லை.

சரி, நம் ஆறுகளில் உண்மையாகவே ஏதேனும் கண்டிருக்கிறார்களா? கண்டிருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் ட்ரைக்ளோசான், கார்பமசிபின் என்ற வலிப்பு மருந்து, அழகுப் பொருள்களில் சேரும் பாரபென்கள் ஆகியவற்றை அளந்து 2011இல் வெளியிட்டனர். சென்னை ஐ.ஐ.டி. குழு ஈராண்டுகள் காவிரியைத் தொடர்ந்து கவனித்து, மருந்துகளும் தீத்தடுப்புப் பொருள்களும் உலோகங்களும் அதில் கலந்திருப்பதை 2021இல் அறிவித்தது. காவிரிக் கரையில் பெரிய மருந்துத் தொழிற்சாலை வரிசை ஏதுமில்லை. அந்த மருந்துகள் பெரிதும் நம் வீட்டுக் கழிவறைகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை.

இவ்விடத்தில் எதிர்க்கட்சிக்காரர் கேட்கும் கேள்வியை மறைப்பது நேர்மையாகாது. "நானோகிராமால் யாருக்கு என்ன ஆகிவிடும்?" என்பது அவர் கேள்வி. கணக்கும் அவர் பக்கம்தான் பேசுகிறது. லிட்டருக்கு 100 நானோகிராம் கார்பமசிபின் உள்ள நீரைத் தினம் 3 லிட்டர் குடிப்பவர், ஒரே ஒரு 200 மில்லிகிராம் மாத்திரை அளவை உட்கொண்டு முடிக்க 1,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு பொருளை நீரில் கண்டுபிடிப்பதும் அது தீங்கு செய்கிறது என்று நிறுவுவதும் வெவ்வேறு வேலைகள். செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பீதி கிளப்புவதை நான் ஏற்கவில்லை.

ஆயினும் இந்தக் கணக்கு நீரைக் குடிக்கும் மனிதனுக்கு மட்டுமே போடப்பட்டது. நீரிலேயே வாழும் மீன் அதைக் குடித்துவிட்டு எழுந்து போவதில்லை. நுண்ணுயிர்களின் கணக்கோ வேறு. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தின் நீரை சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் குழு சோதித்தது. சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததென 2007இல் வெளியிட்டார்கள். இது நானோகிராம் அன்று. மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவைவிட அதிகம். அத்தகைய நீரில் எந்த மருந்துக்கும் சாகாத கிருமிகள்தாம் பிழைத்துப் பெருகும். 2020 ஜனவரியில் மத்திய அரசு, மருந்து ஆலைக் கழிவில் நுண்ணுயிர்க் கொல்லிகளுக்கு வரம்பு கட்டும் வரைவு ஒன்றை வெளியிட்டது. உலகமே பாராட்டியது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இடம்பெறவில்லை. பட்டியலில் ஏறும் படிக்கட்டில் கடைசிப் படிவரை வந்து இறக்கிவிடப்பட்ட பொருள்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் இரு பறவைகள் வந்து அமுதுண்டு சென்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் பிற்பகுதியில் அவற்றின் வரவு நின்றது. அந்தக் குறிப்பிட்ட பறவைகள் ஏன் வரவில்லை என்பதற்கு நான் காரணம் கூற முற்படவில்லை. ஆனால் அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் மாண்டுகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்தது. காரணம் 2004இல்தான் தெரிந்தது: மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. இரண்டே ஆண்டில் செய்யப்பட்ட நல்ல காரியம் அது. ஆனால் அதன் இடத்தில் அசிக்ளோஃபினாக் வந்து அமர்ந்தது. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது! அதைத் தடை செய்ய 2023 ஆயிற்று. ஒவ்வொரு பெயராகப் பட்டியலில் சேர்க்கும் முறையின் குறை என்னவென்று வேறு எந்த உதாரணமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

வேறு முறைதான் உண்டா? உண்டு, அது பாலாற்றங்கரையிலேயே பிறந்தது என்பது நம்மில் பலர் மறந்த செய்தி. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு ஐயமற நிரூபிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது; மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். இவை நாட்டின் சட்டமென அத்தீர்ப்பு அறிவித்தது. அதே பாலாற்றின் இழப்பீடு பற்றி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது என்பது வேறு கதை. தீர்ப்பு கேட்பது ஒன்று. நம் தர ஏடு செய்வது அதற்கு நேர் எதிரானது. நிரூபணம் வந்த பின்னரே ஏடு வாய் திறக்கிறது. புதிய இரசாயனப் பொருளை விற்பவர் முதலில் அதன் விவரங்களைப் பதிவு செய்யட்டும் என்று ஐரோப்பா 2007இலேயே சட்டம் கொண்டுவந்தது. இங்கே 2020இல் எழுதப்பட்ட அத்தகைய வரைவு, ஐந்தாண்டு கழிந்தும் வரைவாகவே இருந்தது. கழிவுநீரிலிருந்து மருந்தையும் அழகுப் பொருளையும் நீக்க ஓசோனும் கரித்தூளும் பயன்படுகின்றன, செலவு அதிகம். அச்செலவில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்கை அப்பொருள்களை விற்கும் நிறுவனங்களே தரவேண்டும் என்று 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. பாலாற்றுத் தீர்ப்பின் மூன்றாவது கூறு அங்கே கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

நம்மிடம் பணமில்லை என்பார்கள். பணம் தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன. வீட்டில் மீந்துபோன மருந்துகளைச் சாக்கடையில் கொட்டாமல் திரும்பப் பெறும் திட்டத்தைக் கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. காஞ்சிபுரம் அதனினும் சிறிய ஊர். செய்ய முடியாததற்குக் காரணமில்லை.

மற்றொன்று நம் விதிப் புத்தகத்திலேயே உறங்குகிறது. கழிவுநீர் வெளியேற்றத்துக்கான பொதுத் தரங்களில் 1993இல் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் விடப்பட்ட மீன்களில் நூற்றுக்கு 90 உயிரோடிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பட்டியலைப் படிக்காத சோதகர் மீன். பெயர் வைக்கப்படாத பொருளாக இருந்தாலும், பல பொருள்களின் கலவையாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். குறையும் இல்லாமலில்லை. நான்கு நாளில் சாகாத மீன் நான்கு மாதத்தில் முட்டையிட முடியாமல் போகலாம். விதி அதைக் கேட்பதில்லை. முட்டை, குஞ்சு, நீர்த்தெள்ளு, பாசி என்று சோதனையை நீட்டினால் அக்குறை பெருமளவு தீரும். தாவரவியல், விலங்கியல் துறைகள் உள்ள எந்தக் கல்லூரியும் இதைச் செய்யலாம். கோடி ரூபாய் நிறமாலைக் கருவி வேண்டியதில்லை. நானோகிராமை அளக்கத்தான் அக்கருவி வேண்டும். எங்கே அளக்க வேண்டும் என்று மீன் காட்டிவிடும்.

இவ்வாறு சோதித்தால் சாயப்பட்டறை நீரும் தேறாமல் போகக்கூடும். அடுத்த தெருவின் நிறமற்ற நீரும் தேறாமல் போகக்கூடும். இரண்டு அண்டாவை வைத்துக்கொண்டு பிழைக்கும் சாயக்காரருக்குப் பட்டறையை மூடு என்ற ஆணை ஒரே நாளில் வந்து சேர்கிறது. நிறமற்ற நீரை அனுப்புகிறவர்களுக்கு அப்படி ஓர் ஆணை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அனுப்புகிறவர்களில் நானும் நீங்களும் அடக்கம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு யாரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேள்வி கேட்கலாம். உங்கள் ஊர்க் கழிவுநீரில் அந்த 96 மணி நேர மீன் சோதனை கடைசியாக எந்தத் தேதியில் நடத்தப்பட்டது, எத்தனை மீன்கள் விடப்பட்டன, எத்தனை பிழைத்தன என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.